வேலிக்கு ஓணான் சாட்சி: ‘பச்சோந்தி’ என்கிற வசையை முன்வைத்து

1

தமிழ் அரசியல் சொல்லாடலில் மிக மலிவாகக் கிடைக்கிற வசைகளில் ஒன்று ‘பச்சோந்தி’. மேடையில் நிற்பவர் கட்சி மாறியவரைச் சொல்வார். கட்சி மாறியவர் கூட்டணி மாறிய தலைவரைச் சொல்வார். நம்ம சிறுபத்திரிகை உலகம் மட்டும் இதில் சளைத்ததா என்ன? 1991-ல் சோவியத் யூனியன் சிதறிய பிறகு மார்க்சியத்திலிருந்து அமைப்பியலுக்கும் பின்நவீனத்துவத்துக்கும் தலித்தியத்துக்கும் நகர்ந்தவர்களில் பெரும்பாலோர் யாரோ ஒருவர் வாயால் பச்சோந்தி ஆனவர்கள்தான். நகராமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அந்த வசையே ஒரு சான்றிதழாகவும் பயன்பட்டது: நான் மாறலை, அதனால நான் நேர்மையானவன்.

இந்த வசைக்குள் மூன்று அனுமானங்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, ஒவ்வொருவருக்கும் ‘சொந்தமாக’ ஒரு நிறம் உண்டு. இரண்டு, அது மாறினால் ஏமாற்று நடக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவனுக்கு நிறமே கிடையாது, அவன் வெறும் கண்.

இந்த மூன்றையும் அந்தப் பிராணியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் யோசனை. வாழ்நாளில் ஒரு பச்சோந்தியைக்கூட நின்று பார்க்காதவர்கள்தான் இந்தச் சொல்லை அதிகம் வீசுகிறார்கள். உருவகத்தைக் கட்டுடைக்க முதலில் உருவகத்துக்குள் மாட்டிக்கொண்ட உயிரை வெளியே விட வேண்டியிருக்கிறது.

2

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். கோவைப் பக்கம் ‘ஒடக்கான்’ என்று சொல்வது ஓணானை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்துபோகும். அது ரத்தம் குடித்த சிவப்பு என்று சொல்லிக் கல்லெடுப்பார்கள். வெள்ளைக்காரனும் அதற்கு ‘ரத்தம் உறிஞ்சி’ என்றுதான் பெயர் வைத்தான். பச்சோந்தி வேறு. இரண்டும் ஒரே வேலியில் இருக்கும். வசை பச்சோந்திக்கு, கல்லடி ஒடக்கானுக்கு என்று நம் ஊரில் ஒரு வேலைப் பிரிவினை!

இந்தியாவின் வறண்ட காடுகளிலும் முள்வேலிகளிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் வாழ்கிற பச்சோந்திக்கு 1768-ல் லாரன்டி என்கிற ஆஸ்திரிய இயற்கையியலாளர் இலங்கையின் பெயரைச் சேர்த்து விஞ்ஞானப் பெயரிட்டார். உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு; ஏறக்குறையப் பாதி மடகாஸ்கரில். பக்கவாட்டில் தட்டையான உடம்பு, எதிரே நின்று பார்த்தால் ஒரு இலையின் விளிம்பு அளவுக்குத்தான் தெரியும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு இடுக்கி மாதிரி கிளையைப் பிடிக்கும். வாலும் பிடிக்கும். கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும்; ஒன்று உங்களைப் பார்க்கும்போது மற்றது பூச்சியைத் தேடும். நாக்கு உடம்பைவிட நீளம். தசை நேரடியாக நாக்கைத் தள்ளுவதில்லை. நாக்கெலும்பைச் சுற்றியுள்ள மீள்நார்களை முதலில் இழுத்து வைத்துக்கொள்கிறது, பிறகு வில்லிலிருந்து அம்பு போகிற மாதிரி விடுகிறது.

அது ஒளிகிற விதத்தைப் பாருங்கள். ஒரு அடி எடுத்து வைக்கும், நிற்கும், முன்னும் பின்னும் ஆடும், காற்றில் இலை ஆடுகிற கணக்காக. நீங்கள் கிளையின் இந்தப் பக்கம் வந்தால் அது அவசரமில்லாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதன் மறைவின் பெரும்பகுதி இதுதான்: அசையாமை, மெதுவாக அசைதல், தட்டையாதல், பச்சையாகவே இருத்தல்.

அப்போது நிறமாற்றம் எதற்கு? 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிலின்கோவிச் குழுவினர் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்து இதன் இயக்கத்தைக் காட்டினார்கள். தோலின் சில செல்களுக்குள் குவானின் என்கிற பொருளால் ஆன நுண்படிகங்கள் அடுக்கி வைத்த மாதிரி இருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருக்கமாக இருக்கும், நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியடைந்தால் படிகங்களின் இடைவெளி விரிகிறது. மஞ்சளும் சிவப்பும் கிளம்புகின்றன. அடியிலே இன்னொரு படிக அடுக்கு, வெயிலின் அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. கருநிறமி பரவினால் தோல் கறுக்கும். காலைக் குளிரில் கறுத்து வெயில் வாங்கும். வெயில் ஏறினால் வெளிறும். மிரட்டினால் உடம்பை ஊதி, வாயைப் பிளந்து, கறுத்துச் சீறும். ராத்திரி தூங்கும்போது வெளிறிப்போய்விடும். டார்ச் அடித்தால் அது மட்டும் தனியாகத் தெரியும்.

2008-ல் தேவி ஸ்டுவர்ட்-ஃபாக்ஸும் அட்னன் மௌசல்லியும் தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளை ஒப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: அதிகமாக நிறம் மாறுகிறவை, பலவிதமான பின்னணிகளில் வாழ்கிறவையா? இல்லை என்று தெரிந்தது. சக பச்சோந்திகளுக்கு எடுப்பாகத் தெரிகிற மாதிரிச் சைகை காட்டுகிறவைதான் அதிகமாக மாறின. நிறமாற்றத் திறனை வளர்த்தது பேச வேண்டிய தேவை. அமெரிக்காவில் முகமூடிப் பச்சோந்தி எனப்படும் இனத்தின் ஆண்களைச் சண்டையிட விட்டுப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, தலை எவ்வளவு வேகமாக, எவ்வளவு பிரகாசமாக மாறுகிறதோ அதை வைத்து யார் ஜெயிப்பார் என்று கணிக்க முடியும் என்றது. தோற்றது கறுத்துப்போகும், ‘போதும், விட்டுரு’ என்பதற்கு அதன் மொழியில் அதுதான் வாக்கியம்.

ஆக, விஷயம் நம் வசைக்கு நேர் எதிராக நிற்கிறது. பச்சோந்தி ஒளிந்துகொள்வது பெரும்பாலும் மாறாமல் இருப்பதால். அது மாறும்போதோ வெளிப்படுகிறது: கோபப்படுகிறது, காதலிக்கிறது, பயப்படுகிறது, தோற்றதை ஒப்புக்கொள்கிறது. உள்ளே நடப்பது தோலில் தெரிந்துவிடுகிற ஒரு பிராணியை நாம் நயவஞ்சகத்துக்கு உதாரணமாக்கி வைத்திருக்கிறோம்.

மொழியே நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பச்சை ஓந்தி, பச்சோந்தி. அந்தப் பெயருக்குள் மாற்றம் என்கிற அர்த்தமே கிடையாது. அது வைத்திருக்கிற நிறத்தால்தான் பெயர் வைத்தார்கள். மாறுகிற பழியை நாம்தான் பின்னால் ஏற்றினோம்.

3

சங்கப் பாடல்களில் ஓந்தி பாலை நிலத்துப் பிராணி. அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகைப் பாட்டு (140) அதன் அரம் போன்ற முதுகைப் பார்க்கிறது. வழிப்போக்கர்கள் அதை வைத்துச் சகுனம் கணிப்பதைச் சொல்கிறது. நற்றிணையில் (186) வேனிலில் நிறம் பெயர்ந்த முதிய ஆண் ஓந்தி, பாணர் யாழ் இசைக்க, பக்கத்து யா மரத்தில் ஏறுகிறது. நிறம் மாறுவதை அந்தக் கவிஞர் பார்த்திருக்கிறார், பதிவு செய்திருக்கிறார், அதோடு நிறுத்திக்கொள்கிறார். அங்கே அது கோடையின் ஒரு உண்மை. வெயிலில் காய்கிற வழியில், பிரிந்து போகிறவனோடு அதுவும் காய்கிறது.

பிறகு வந்த கதைகளில் ஒழுக்கம் நுழைகிறது. ராமன் தாகத்தில் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதை ஊர்ப்பக்கம் உண்டு. அணில் முதுகில் மூன்று கோடு, ஓணான் முதுகில் கல். சுருக்குப் போட்டுப் பிடித்து, மூக்குப்பொடி திணித்து, அது கிறுகிறுத்துச் சுற்றுவதைப் பார்த்துச் சிரிக்கிற சிறுவர்களுக்கு இந்தக் கதை ஒரு அனுமதிச் சீட்டு. ஆண் ஓணான் தன் எல்லையைக் காட்டத் தலையை ஆட்டுகிறது. ‘நம்மளப் பழிக்குது பாரு’ என்று அதற்கும் ஒரு அடி. விசுவாசம்/துரோகம் என்கிற எதிர்வு ஒரு ராஜாவை மையத்தில் வைத்துத்தான் உருவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாலைப் பாட்டில் ராஜா இல்லை. அதனால் அங்கே ஓந்திக்குத் துரோகியாகிற வாய்ப்பும் இல்லை.

4

கோட்பாட்டுக்காரர்களும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். கவிஞனுக்கென்று தனி அடையாளம் இல்லை, அவன் எதுவாகவும் ஆகிவிடுகிறவன் என்பதற்கு 1818-ல் ஒரு கடிதத்தில் கீட்ஸ் பயன்படுத்தியது பச்சோந்தியைத்தான். அங்கே அது பாராட்டு. 1935-ல் ரோஜர் கய்வா, பூச்சிகளின் போலித்தோற்றம் தற்காப்புக்கு உதவுவதே இல்லை, அது வெளியின் மயக்கத்தில் உயிர் தன்னை இழப்பது என்று வாதாடினார். இலைப்பூச்சிகள் ஒன்றையொன்று இலை என்று நினைத்துக் கடித்துக்கொள்வது அவருடைய பிரபலமான உதாரணம். லக்கான் 1964-ஆம் ஆண்டுக் கருத்தரங்கில் இதை எடுத்துக்கொண்டு, மறைவு என்பது பின்னணியோடு இசைவதல்ல, புள்ளிகள் நிறைந்த பின்னணியில் தானும் புள்ளிகளாவது என்றார். ஹோமி பாபா 1984-ல் அங்கிருந்து காலனியாளனைப் போலச் செய்கிற காலனியச் சுதேசியிடம் வந்தார்: கிட்டத்தட்ட அவனைப் போலவே, ஆனால் முழுசா அவன் இல்லை. அந்த இடைவெளியில் அதிகாரம் நடுங்குகிறது என்பது அவர் வாதம்.

இவை பயனுள்ள சிந்தனைகள்தாம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு பொதுக்குறை. மறைகிறவனின் ஆழ்மனம் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், எந்தக் கண்ணிடமிருந்து மறைகிறான் என்பதை அருவமாகவே விட்டுவிடுகிறார்கள். ‘பார்வை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பச்சோந்திக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஸ்டுவர்ட்-ஃபாக்ஸ் குழுவினரின் இன்னொரு சோதனையும் 2008-ல்தான் வெளிவந்தது. குள்ளப் பச்சோந்திக்கு ஒரு தடவை பறவையையும் ஒரு தடவை பாம்பையும் போலியாகக் காட்டினார்கள். பறவைக்கு எதிரே அது பின்னணியோடு நன்றாகப் பொருந்தியது. பாம்புக்கு அவ்வளவு மெனக்கெடவில்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் பாம்பின் கண் மட்டம், அதற்கு அந்த அளவே போதும். எந்தக் கண் பார்க்கிறது, அது எதைப் பார்க்கக் கூடியது என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மறைவு என்பது மறைகிறவனின் குணம் ஆகாது. அது இரண்டு பேருக்கு நடுவில் உள்ள உறவு, அதுவும் சமமில்லாத உறவு. ஒருத்தன் பசிக்காகப் பார்க்கிறான், இன்னொருத்தன் உயிருக்காக மறைகிறான்.

5

இங்கேதான் வசை அரசியலாகிறது. சரவணம்பட்டியில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிறவனிடம் மூன்றாவது கேள்வியாக வருவது: “நீங்க எந்த ஊருங்க? அங்க என்ன ஆளுங்க?” மரியாதையான கேள்வி. கொங்குத் தமிழின் ‘ங்க’ அதில் இரண்டு தடவை வருகிறது. பதில் சொல்கிறவன் அந்த ஒரு நொடியில் ஊர்ப் பெயரை மாற்றுகிறான், தெருவை மறைக்கிறான், அப்பா பெயரைச் சுருக்குகிறான், இல்லை என்றால் நண்பனின் சாதியைச் சொல்லிச் சாவியை வாங்குகிறான். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை சாப்பாட்டு மேசையில் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசாமல் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த தொழிலாளி பஸ்ஸில் போன் வந்தால் எடுப்பதில்லை. இவர்களை நாம் எந்த நாவால் பச்சோந்தி என்போம்? ‘உன் சொந்த நிறத்தைக் காட்டு’ என்கிற கோரிக்கை, காட்டினால் அடி விழாத இடத்தில் இருப்பவன் வைக்கிற கோரிக்கை.

சரி, கட்சி மாறுகிறவனைச் சொல்லலாம் அல்லவா, அவனுக்குத்தானே இந்த வசை என்று தோழர்கள் கேட்கலாம். 1967-ல் ஹரியானாவில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாளுக்குள் கட்சி விட்டுக் கட்சி தாவியதிலிருந்து ‘ஆயா ராம், கயா ராம்’ என்கிற தொடர் பிறந்தது, 1985-ல் 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, தாவல் நிற்கவில்லை. இவர்களுக்குக்கூட இந்த உருவகம் பொருந்தாது என்பதே என் வாதம். ஏனென்றால் பச்சோந்தி நிஜமாகவே மாறுகிறது. இவர்கள் மாறுவதில்லை. நிலம் அதே, மில் அதே, கல்லூரி அதே, கூலி அதே, கோயில் முதல் மரியாதை அதே. எந்தக் கொடி வந்தாலும் ஊர்ல அதே ஆளுதான். மாறியது வேட்டிக் கரை மட்டும். அவரைப் பச்சோந்தி என்று திட்டும்போது, நடக்காத ஒரு மாற்றத்தை நடந்ததாக நாமே ஒப்புக்கொடுக்கிறோம். கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் பட்டாவைப் பார்க்க மறந்துபோகிறோம். வசையின் உண்மையான சேவை இதுதான்: அதிகாரத்தின் மாறாத தன்மையை நம் கண்ணிலிருந்து மறைப்பது.

இலக்கியத்திலும் கதை இதேதான். கருத்து மாறியவனிடம் கேட்க வேண்டியது ‘ஏன் மாறினாய்’ என்பது; அதற்கு அவன் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். மாறாதவனிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்: இத்தனை நடந்தும் ஏன் மாறவில்லை? இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

6

கடைசியாக அந்தப் பிராணி இருக்கிற இடத்துக்கு வருவோம். காட்டுப் பல்லியினம் என்று புத்தகங்கள் சொல்லும். கொங்கு நாட்டில் ‘காடு’ என்றால் என்ன? “காட்டுக்குப் போயிட்டு வர்றனுங்க” என்றால் வனத்துறையின் காடு இல்லை. மானாவாரி நிலம்: சோளம், கம்பு, கொள்ளு, நிலக்கடலை. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலம் கொறங்காடு: கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. போத்து வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்கிற கிளுவை, அதன் மேல் பிரண்டை, கோவைக்கொடி, இடையில் சங்கஞ்செடி. கோடையில் கிளுவை இலை உதிர்த்துப் பழுப்பாகும், மழை விழுந்தால் பச்சை கட்டும். அதை யாரும் துரோகி என்றதில்லை. முள்காட்டை நூல் பிடித்து நீளமாக நட்டு வைத்தால் அதுதான் வேலி. அந்த நூல்மேல்தான் பச்சோந்தி நிலம் விட்டு நிலம் போனது. முட்டையிட மட்டும் பெண் கீழே இறங்கும், வேலியடி மண்ணில் குழி தோண்டி இட்டு மூடிவிட்டு மறுபடி ஏறும்.

சரவணம்பட்டி 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பே சத்தி ரோட்டின் இரண்டு பக்கமும் காடுகள் ‘சைட்’ ஆகத் தொடங்கியிருந்தன. சைட் போடும்போது முதல் வேலை வேலியை ஜேசிபி வைத்துச் சுருட்டுவது. பிறகு கம்பி, பிறகு ஹாலோ பிளாக் சுவர். வன விலங்குக்குச் சட்டம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பச்சோந்தியும் இருக்கிறது, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. பிடித்தால் குற்றம், விற்றால் குற்றம். அது குடியிருக்கிற வேலியைப் பிடுங்கினால் அது ‘மனை மேம்பாடு’. ரோட்டில் அதன் ஒரு அடி முன்னால் ஒரு அடி பின்னால் நடை, லாரிச் சக்கரத்திடம் செல்லுபடியாகவில்லை. இலை மாதிரி ஆடுவது இலை இருக்கிற இடத்தில்தான் மறைவு. தாரில் அது வெறும் தாமதம்.

வேலியைப் பற்றி இப்படிப் பேசும்போது ஏக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை உதற வேண்டும். வேலி எல்லோருக்கும் பொதுவான பசுமை அல்ல, அது உடைமை. அதற்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்களும், அந்தப் பக்கம் கூலிக்குக் காத்திருந்த அருந்ததியரும் ஒரே வேலியைப் பார்க்கவில்லை. முள் யாருக்காக நடப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வேலிக்கும் சுவருக்கும் வித்தியாசம் உண்டு. வேலியில் சந்து இருந்தது. ஆட்டுக்குட்டி நுழையும், காற்று நுழையும், கோவைப்பழம் பறிக்கிற கை நுழையும். பொருளாதாரம் வளர வளர அந்தச் சந்தை அடைத்துக்கொண்டே வந்தார்கள். உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை ஆனது. நம் மாவட்டத்தில், மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2 அன்று மழையில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்ததில் கீழே குடியிருந்த தலித்துகள் 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று மக்களும் இயக்கங்களும் சொன்னார்கள். விபத்து என்று சொல்லவும் ஆள் இருந்தது. அந்தச் சுவர் நிறம் மாறவில்லை. நின்ற வரைக்கும் ஒரே நிறத்தில்தான் நின்றது.

‘வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி’ என்பது கூட்டுக் களவாணித்தனத்தைக் கிண்டல் செய்கிற பழமொழி. ஒருத்தனுக்கு ஒருத்தன் பொய்சாட்சி. சொன்னவன் நிலத்துக்காரனா, வெளியாளா என்று யோசித்துப் பாருங்கள். தன் வேலியில் குடியிருக்கிற பிராணியை நம்பத் தகாத சாட்சி என்று முன்கூட்டியே தள்ளி வைப்பதில் யாருக்கு லாபம்? எந்த வேலி எப்போது எத்தனை அடி நகர்ந்தது, எந்த வண்டிப்பாதை சைட்டுக்குள் போனது, எந்தப் புறம்போக்கு யார் பெயருக்கு மாறியது என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சி இல்லை. வேலி போனதும் சாட்சியும் போனது. இப்போது இருப்பது பத்திரம் மட்டும். பத்திரம் பேசுவது எப்போதும் எழுதி வைத்தவன் குரலில்.

நம் அரசியல் எழுத்திலிருந்து ‘பச்சோந்தி’ என்கிற சொல்லை எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. உயிரினங்களுக்கு மரியாதை செலுத்துவதற்காக அல்ல, அது ஒரு கெட்ட பகுப்பாய்வுக் கருவி என்பதற்காக. யார் நிறம் மாறினான் என்று கேட்கிற இடத்தில், மாறாமலே இருக்க யாருக்கு வசதி இருக்கிறது, அந்த வசதி யார் நிலத்தில் நிற்கிறது என்று கேட்டுப் பார்ப்போம். அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பெயர்ப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். அதில் நமக்கு விளம்பரம் தருகிறவர்களும் இருக்கலாம், நம்மில் சிலரும் இருக்கலாம்.